லெட்சுமி அக்காவின் மாமரமும் என் கெட்டிக்காரத்தனமும்

புதிதாக விவசாயப் போதனாசிரியர்களாக வந்திருக்கிற தம்பி, தங்கைமாரே, நீங்கள் எல்லாரும் என்னைவிடக் கூடப் படித்தவர்கள். கொஞ்சம் பொறாமையோடுதான் இதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு தொப்பியையும் ஒரு கோப்புக் கட்டையும் தந்து வெயிலுக்குள் இறக்கிவிட்டார்கள். நீங்கள் ஒரு இலையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறீர்கள். நல்ல விசயம். ஆனால் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்த ஒருத்தியிடம் "உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ மிஸ்" என்று கேட்டது நீங்கள். இனி நான் சொல்வதை இருந்து கேட்கத்தான் வேண்டும். வெற்றிக் கதைகளை உங்கள் மேலதிகாரிகள் சொல்வார்கள். நான் ஒரு மரத்தைக் கொல்லப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

உயர்தர வகுப்பில் காழும் உரியமும் எல்லாரும் படித்திருப்பீர்கள். தண்டின் உள்ளே காழ், வெளியே பட்டையோடு ஒட்டி உரியம். காழ் தண்ணீரை மேலே கொண்டுபோகும், உரியம் உணவைக் கீழே கொண்டுவரும். நான் அதைப் பாடமாக்கி, படம் கீறி, சிவப்புப் பேனையால் ஒரு அம்புக்குறி மேலே, நீலப் பேனையால் ஒரு அம்புக்குறி கீழே போட்டுச் சித்தியடைந்தவள். அந்த இரண்டு அம்புக்குறிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே காலம் போனது.

மீள்குடியேற்றம் முடிந்த ஆண்டுகளில் என்னைப் பரந்தனுக்குக் கிழக்கே ஒரு பிரிவுக்குப் போட்டார்கள். என் வீடு வவுனியா நெளுக்குளத்தில். திங்கள் காலை வந்தால் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவேன். அலுவலகம் என்று சொன்னது ஒரு தகரக் கொட்டில். பகலில் அதற்குள் இருக்க முடியாது, ஆகையால் வகுப்புகளை எல்லாம் வெளியே தறப்பாள் கட்டி நடத்தினோம். வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதிரையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள், வகுப்பு முடிய அதையே கட்டிக்கொண்டு போவார்கள். சிலரிடம் கதிரை இல்லை, கவிழ்த்த வாளியில் இருப்பார்கள். எல்லாம் இழந்துவிட்டு வந்திருந்த சனம் மிளகாய்க் கன்றைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கேள்வி கேட்கும். என் வேலைக் காலத்தில் நான் மனநிறைவோடு இருந்த நாட்கள் எவை என்று கேட்டால், மின்விசிறி பூட்டிய மண்டபங்களைச் சொல்லமாட்டேன், அந்தத் தறப்பாளைத்தான் சொல்வேன்.

அந்தத் தறப்பாளின் கீழ்தான் நான் பிழை விட்டேன்.

புரட்டாதி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. பழமரங்களைப் பற்றிய வகுப்பு. காய்க்காத மாமரத்தின் அடியில் கத்தியால் நாலு கொத்துக் கொத்தி, "இந்த வருசம் காய்க்காட்டித் தறிச்சுப்போடுவன்" என்று மரத்தை வெருட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மரத்துக்குக் காது கேக்காது. ஆனா கொத்திறதில விசயம் இருக்கு" என்று தொடங்கி, இலை சமைக்கிற சீனி பட்டை வழியாக வேருக்கு இறங்குவதையும், பட்டையில் வழி அடைபட்டால் சீனி மேலேயே தங்கிப் பூ வருவதையும் விளக்கினேன். கொத்த வேண்டாம், ஒரு கொப்பில் மாத்திரம் மெல்லிய வளையமாகப் பட்டையை எடுங்கள் என்றேன். சனம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போது வவுனியா பஸ் தூரத்தில் ஹோர்ன் அடித்தது. நான் என் கோப்புகளைக் கட்டிக்கொண்டு எழும்பிவிட்டேன். பின்வரிசையில் வாளியில் இருந்த ஒரு பெண் கையை உயர்த்தினார்.

"மிஸ், எங்க மரத்துல கொப்பு ஒண்ணும் எட்டாதுங்க. அடிமரத்துல சுத்திவர எடுத்தாலும் பரவாயில்லையா?"

"ஓம் ஓம் அக்கா, எங்க எடுத்தாலும் ஒண்டுதான்" என்று சொல்லிக்கொண்டே நான் ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்தேன். யன்னலோர இருக்கையும் கிடைத்தது.

கேள்வி கேட்டவர் லெட்சுமி அக்கா. மலைநாட்டிலிருந்து பதினேழு பதினெட்டு வயதில் வன்னிக்கு வந்தவர். எங்களோடு பழகிப் பழகி "ஓம்" என்பார், ஆனால் "வாங்கோ" என்று அவர் வாயில் வராது, "வாங்க" தான். கணவர் இல்லை, மகளோடு ஒரு தகரக் குடிலில் இருந்தார். வந்த வருடத்தில் ஒரு மாங்கொட்டையை ஊன்றியிருக்கிறார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அலைந்து, திரும்பி வந்து பார்த்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. முழுக்காணியும் பற்றை. மாமரம் மட்டும் நின்றது.

அவரிடம் அந்தக் காணிக்கு ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்கவில்லை. முந்தியும் இருக்கவில்லை. பத்திரம் இல்லாதவர்களுக்கு வீட்டுத்திட்டமும் இல்லை. காணி விசாரணைக்கு வருகிறவர்கள் பழைய குடியிருப்பா, காடா என்று நிலத்தில் நிற்கிற பயன்தரு மரங்களை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று ஊரில் ஒரு கதை. காய்க்காத மரத்தைக் காட்டுமரமென்று எழுதிவிடுவார்கள் என்று அந்தக் கதைக்கு ஒரு வாலும் முளைத்திருந்தது. அக்காவின் மரம் அவர் திரும்பி வந்த பிறகு ஒரு பூவும் பூக்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு அவர் கையை உயர்த்தினார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தவை. அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தை பிறக்க அந்த மரம் பூத்தது பாருங்கள், சும்மா சொல்லக்கூடாது, இலை தெரியாத பூ. வைகாசியில் கொப்பெல்லாம் காய். லெட்சுமி அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார்.

"மிஸ் சொன்னபடியே செஞ்சேங்க. வந்து பாருங்க."

போனேன். அண்ணாந்து பார்த்தேன். ஒரு பழத்தை அங்கேயே கடித்தேன், அப்படி ஒரு இனிப்பை நான் எந்த மாம்பழத்திலும் கண்டதில்லை. அடிமரத்தில் ஒரு பழைய சீலை சுற்றியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கண் முழுக்க மேலேதான் இருந்தது. மரத்தடியில் நின்று என்னையும் சேர்த்துப் படம் எடுத்தேன். அந்தப் படத்தை மாவட்டக் கூட்டத்தில் காட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். பெரிதாக்கி மாவட்ட அலுவலகச் சுவரிலும் மாட்டிவிட்டார்கள். எனக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை.

ஆவணியில் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. இலை பழுத்துக் கொட்டுகிறதாம்.

அந்த நாட்களில் எங்கள் நாற்றுமேடையில் ஒட்டுக்கட்டுகிற ஒருவர் இருந்தார். முள்ளியவளை ஆள், என் வயதுதான். பெயரைச் சொன்னால் கோபிப்பார், சொல்லவில்லை. நாட்கூலி வேலைக்காரர், ஆனால் எந்த மரத்தையும் ஒருமுறை சுற்றிவந்தாலே அதன் சாதகத்தைச் சொல்லிவிடுவார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். லெட்சுமி அக்கா எங்களைக் கண்டதும் தேத்தண்ணி போட உள்ளே போனார். ஒட்டுக்காரர் மரத்தை அண்ணாந்து பார்க்கவேயில்லை. நேரே குனிந்து அந்தச் சீலையை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை இல்லை. அக்கா துப்புரவான மனிசி, ஒரு நார் விடாமல் வழித்து எடுத்திருந்தார். வளையத்துக்கு மேலே மரம் வீங்கித் தடித்திருந்தது, கீழே சூம்பியிருந்தது.

"இதை ஆர் மிஸ் செய்யச் சொன்னது?" என்றார் ஒட்டுக்காரர்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"வேருக்கு ஒரு வருசமாச் சாப்பாடு போகேல்லை. பழத்தைத் திண்டு பாத்தனீங்களோ? நல்ல இனிப்பாயிருந்திருக்கும். அது வேரின்ர சோறு."

அந்த நேரத்தில் அக்கா மூன்று கோப்பையோடு வந்துவிட்டார். "மரத்துக்கு என்ன வருத்தம் மிஸ்?" என்று கேட்டபோது அவர் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. சுவரில் தொங்குகிற அந்தப் படம் எனக்கு நினைவு வந்தது. கைதட்டல் நினைவு வந்தது.

"கறையான் அக்கா" என்றேன். "மருந்து கொண்டுவந்து தாறன். அதுவரைக்கும் நல்லாத் தண்ணி விடுங்கோ."

ஒட்டுக்காரர் தன் கோப்பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ரோட்டில் நான் ஓடிப்போய் மறித்தேன். "ஏன் குடிக்காமல் வந்தனீங்கள்? அவா என்ன நினைப்பா?"

"குடிச்சிருந்தா நானும் சேந்து பொய் சொன்ன கணக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தம்பி, தங்கைமாரே, பிழையான ஆலோசனை யாரும் சொல்லலாம். நுணலும் தன் வாயால் கெடும், நாங்களும் கெடுவோம். ஆனால் பிழை என்று தெரிந்த பிறகு முதலாவதாக வாயில் வருகிற வசனம் இருக்கிறதே, அதில்தான் ஆள் யாரென்று தெரியும். என் வாயில் வந்தது கறையான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. மருந்தை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு மூன்று கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் வேறு அலுவலாகப் போகும்போது லெட்சுமி அக்காவை ரோட்டில் கண்டேன். நல்ல வெயில். சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான், கரியரில் இன்னொன்று. ஏறி ஓடமுடியாது, தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய கிணறுதான் தூர்ந்து கிடந்ததே, பொதுக்கிணற்றிலிருந்து முக்கால் மைல்.

"காலையில ரெண்டு நடை, பின்னேரம் ரெண்டு நடை. மிஸ் சொன்னபடி விடாம ஊத்துறேங்க. இன்னும் கொட்டத்தான் செய்யுது" என்றார். சைக்கிள் கைபிடியில் இருந்த அவர் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

எனக்குச் சீ என்று போய்விட்டது. நான் ஒரு பிடியைப் பிடிக்க, இரண்டு பேருமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். கறையான் இல்லை அக்கா, நான் சொன்ன பிழை, அது தெரிந்தபிறகும் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, "அப்ப ஏன் ஒரு வருசம் பச்சையா நின்னுச்சு?" என்று கேட்டார்.

நான் ஒரு தடியை எடுத்து மண்ணில் இரண்டு கோடு கீறினேன்.

"இது உள்ளுக்க இருக்கிற காழ். வேர் எடுக்கிற தண்ணி இதால மேல போகுது. நீங்கள் வெட்டினது அதில படேல்லை. அதாலதான் இலை பச்சையா நிண்டது. இது பட்டையில இருக்கிற உரியம். இலை சமைச்ச சீனி இதால கீழ வருது. ஆனா அக்கா, சீனி தனிய நடந்து வராது. இலைக்குள்ள, காழால ஏறி வந்த தண்ணியில கொஞ்சம் இந்தப் பக்கம் உரியத்துக்குள்ள தாண்டும். அந்தத் தண்ணிதான் சீனியைத் தள்ளிக்கொண்டு இறங்கும். வேரில சீனியை இறக்கிப்போட்டு, அதே தண்ணி திரும்பக் காழுக்குள்ள வந்து மேல ஏறும். வாற வழியெல்லாம் ரெண்டுக்கும் இடையில கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டுதான் இருக்கும்."

"அப்ப மேல போறதும் கீழ வாறதும் ஒரே தண்ணியாங்க?"

"ஓம் அக்கா. ஒரே தண்ணி."

"அப்ப நான் இவ்வளவு நாளா ஊத்தினது, பட்டினி கெடக்கிறவனுக்கு வெறும் தண்ணியக் குடுத்த மாதிரி."

நான் உயர்தரத்தில் படித்து, இருபது வருடம் படிப்பித்து, அதற்கு ஒரு கிழமைக்கு முன்தான் புத்தகத்தைத் திறந்து சரியாக விளங்கிக்கொண்டதை அவர் அரை நிமிடத்தில் விளங்கிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்ததாக அவர் சொன்னது இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது.

"சின்ன வயசுல அம்மாகூட இறப்பர் தோட்டத்துல பால் வெட்டியிருக்கேங்க. பாதிச் சுத்துக்கு மேல கத்தி போகக்கூடாது. முழுசாச் சுத்தினா மரம் செத்திரும்னு கங்காணி கத்துவாரு. அதனாலதான் அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேன், சுத்திவர எடுக்கலாமான்னு. நீங்க பரவாயில்லைன்னீங்க. படிச்சவங்க சொல்றாங்க, மாமரத்துக்கு வேற மாதிரியாக்கும்னு நெனைச்சிக்கிட்டேன்."

அந்தக் கேள்வி அறியாமையில் வந்தது என்றுதானே நான் நினைத்தேன்? விசயம் தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. பதில் தெரியாதவள் நான். அவருக்குச் சரியாகத் தெரிந்த ஒன்றை என் ஒரு வாய்ச்சொல்லால் பிழையாக்கிவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"தப்பாச் சொன்னத மன்னிச்சிருவேன் மிஸ். அவசரத்துல யாருக்கும் வரும். தெரிஞ்சிக்கிட்டே மூணு கெழமை என்னையத் தண்ணி சுமக்க விட்டீங்களே. அதுதான் தாங்கல." அவர் அழவில்லை. கானில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினார். மரத்துக்கு ஊற்றவில்லை, நான் மண்ணில் கீறிய கோட்டுக்கு மேல் ஊற்றினார். பிறகு குடிலுக்குள் போய்விட்டார். நான் வெளியே நின்றேன்.

அன்று பின்னேரமே ஒட்டுக்காரரிடம் போனேன். "சொல்லிப்போட்டன்" என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தார். மரத்தடிக்குப் போனதும் வளையத்துக்குக் கீழே பட்டையில் கத்தி நுனியால் சின்னக் கீறு போட்டுப் பார்த்தார். உள்ளே இன்னும் பச்சை இருந்தது.

"வேர் பசியோட கிடக்கு, சாகேல்லை. முதல் மழை விழட்டும். பட்டை இளகிக் கிளம்பினாப் பாலம் போடலாம். ஆனா மிஸ், நான் வாக்குத் தரமாட்டன்."

ஐப்பசியில் மழை விழுந்தது. மரத்தின் குச்சிகளையே வெட்டி, ஒரு நுனியை வளையத்துக்குக் கீழே பட்டைக்குள்ளும் மறு நுனியை மேலே பட்டைக்குள்ளும் செருகி, எட்டுப் பாலம் கட்டினார். இலை சமைக்கிற சாப்பாட்டுக்கு வேருக்குப் போக ஒரு வழி. காலையில் தொடங்கியது, முடிய மத்தியானம் கழிந்துவிட்டது. நான் குடை பிடித்தேன், அக்கா நாடாவைக் கிழித்துக் கொடுத்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒட்டுக்காரர் கோப்பையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, இன்னொன்றும் கேட்டார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஒட்டு வேலை நாற்றுமேடைச் சங்கதி, நீங்கள் பழகிக்கொள்வீர்கள். எனக்குப் பரீட்சை வந்தது மார்கழியில்.

அக்கா தொலைபேசியில் சொன்னார்: "நாளைக்குக் காணி விசாரணைக்கு வாறாங்களாம். தகவலுக்குத்தான் சொன்னேன். நீங்க வரணும்னு இல்லை."

போனேன். மூன்று பேர் வந்திருந்தார்கள். கோப்போடு நின்ற அதிகாரி மரியாதையான மனிதர், எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, இருத்திப் பேசினார். அவரோடு வந்த ஒருவர் மரத்தைச் சுற்றிப் பார்த்தார். எட்டுப் பாலத்தில் மூன்றுதான் துளிர்த்திருந்தன. மற்றவை காய்ந்த தடி. மேலே பாதி மொட்டைக் கொப்பு. நடுவில் பட்டை இல்லாத அந்த வளையம் நன்றாகத் தெரிந்தது.

"ஐயா, இதைப் பாருங்கோ" என்றார் அவர். "மரத்தைச் சுத்திப் பட்டை உரிச்சிருக்கு. சத்தமில்லாமல் காட்டு மரத்தைச் சாகடிச்சுக் காணி பிடிக்கிற ஆக்கள் செய்யிற வேலையெல்லோ உது? உந்தத் தடியெல்லாம் பிறகு சும்மா கண்துடைப்புக்குக் கட்டினதாக்கும்."

உண்மைதான், வன்னியில் காட்டை வெட்டுகிறவர்களுக்கு அது பழைய தந்திரம். வாளின் சத்தம் கேட்டால் பிடிபடுவார்கள். பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் மரம் தானாகக் காய்ந்துவிடும். தான் அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி என்று அக்கா எந்த மரத்தை நம்பியிருந்தாரோ, அந்த மரமே அவரைக் காடு திருட வந்தவராகக் காட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "அம்மா, இதை நீங்களோ செய்தனீங்கள்?"

"ஓங்க."

"ஏன்?"

அக்கா நிலத்தைப் பார்த்தார். "மிஸ்தான் சொன்னாங்க" என்று இரண்டு சொல்லுச் சொன்னால் போதும். நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "காய்க்கணும்னுங்க" என்று மட்டும் சொன்னார். கூட வந்தவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடிகிறதுக்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். மாவட்ட அலுவலகச் சுவரில் என் படம். எழுத்தில் ஒன்றும் இல்லை, வகுப்பில் வாயால் சொன்னதுதானே, யார் நிரூபிப்பார்கள்? வெட்கக்கேடு, எல்லாம் நினைத்தேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒருவேளை மறுத்துமிருப்பேன். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை முன்னால் தள்ளியது.

"ஐயா, உரிக்கச் சொன்னது நான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை பலத்துச் சொன்னேன். "நான் விவசாயப் போதனாசிரியர். வகுப்பில பிழையாச் சொல்லிக் குடுத்தனான். இவா நான் சொன்னதைத்தான் செய்தவா."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை எழுதித் தருவீங்களோ?"

சைக்கிள் இருக்கைக்கு மேல் அவருடைய கோப்பு மட்டையை வைத்து எழுதினேன். சைக்கிள் ஆடியதில் எழுத்து கோணிப்போனது. இரண்டே வசனம். முதலாவது: "இக்காணியில் நிற்கும் மாமரம் முப்பது வயதுக்கு மேற்பட்ட, நடப்பட்டு வளர்க்கப்பட்ட பயன்தரு மரமென்பதையும், அது திருமதி லெட்சுமி அவர்களால் நாட்டப்பட்டதென அயலவர் கூறுவதையும் உறுதிப்படுத்துகிறேன்." இரண்டாவது: "இதன் பட்டை அகற்றப்பட்டது, அவர் கேட்ட சரியான கேள்விக்கு நான் அளித்த தவறான ஆலோசனையினாலேயே." கீழே என் பெயர், பதவி, கையொப்பம். அதிகாரி அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

பிறகென்ன, விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. ஆறு மாதம் வகுப்பு எடுக்க விடவில்லை. சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார்கள், அந்த ஆணி மட்டும் கனகாலம் நின்றது. கோப்புகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்த அந்த ஆறு மாதத்தில் தறப்பாளையும் வாளியையும் நினைத்து நான் அழுதிருக்கிறேன். திரும்ப வகுப்புக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டேன், வேண்டுமென்றுதான் விட்டேன். பின்வரிசையில் கை உயர்த்தின ஒருவரிடம், "நீங்கள் ஏன் இதைக் கேக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேட்டு, அவர் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. ஓய்வுபெறும்வரை அந்த வழக்கத்தை நான் விடவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்குக் காணிப் பத்திரம் கிடைத்தது. அதற்குப் பிறகு வீட்டுத்திட்டமும் வந்தது. துளிர்த்த மூன்று பாலமும் இப்போது என் கையளவு தடிமன். மரம் நிற்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அவரிடம் போனேன். இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்னக் கல்வீடு. "வாங்க மிஸ், இருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். இருந்து நிமிர்ந்தால், வாசலுக்கு நேரே சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு என் கோணல் எழுத்து தொங்குகிறது. விசாரணை முடிந்து கொஞ்ச நாளில் அலுவலகத்துக்குப் போய், கேட்டு, அதன் பிரதி ஒன்று எடுத்திருக்கிறார்.

எனக்கு முகம் எரிந்தது. "ஐயோ அக்கா, இப்பதான் பத்திரமே கையில இருக்கே, இதென்னத்துக்கு?"

"பத்திரம் பெட்டிக்குள்ள இருக்குங்க. இந்த மண்ணுல நான் மரம் வெச்சேன்னு முதல்முதலா எழுதிக் குடுத்த கடுதாசி இதுதானே."

"அப்ப ஒரு வேலை செய்வம். முதலாவது வசனத்தை மட்டும் வடிவா, புதுசா எழுதித் தாறன். அதை மாட்டுங்கோ. வாற போற ஆக்களெல்லாம் என்ர பிழையையும் எல்லோ வாசிக்கினம்."

லெட்சுமி அக்கா தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தார். பிறகு அந்தச் சட்டத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து, சரிந்திருந்ததை நேராக்கினார்.

"வேணாங்க மிஸ். ரெண்டாவது வரி இருக்கிறதாலதான் முதல் வரிய நம்புறாங்க."